அடுத்த ஈடு இறங்கட்டும்: மதுரையில் வெளியே சாப்பிட்டுக் கற்றுக்கொண்டது

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததில், கோரிப்பாளையம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் 23 நாள் இருக்க வேண்டி வந்தது. வீடு திருநகரில். மனைவி வேலைக்குப் போகிற வழியில் அம்மாவுக்கு மட்டும் கஞ்சியோ ரசம் சாதமோ கொடுத்துவிட்டுப் போவாள். எனக்கு மூன்று வேளையும் வெளியேதான்.

பிறந்து வளர்ந்தது, வேலை பார்ப்பது எல்லாமே எனக்கு மதுரைதான். ஆனாலும் அந்த 23 நாளுக்கு முன்னால், வெளியே சாப்பிடுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மாதத்தில் இரண்டு ஞாயிறு, குடும்பத்தோடு ஓர் ஏசி ஹோட்டல், எப்போதும் போல நாண், சிக்கன் கிரேவி, பிள்ளைகளுக்கு ஃப்ரைட் ரைஸ். சாப்பிட்டு முடித்ததும் "பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டு வண்டியை எடுப்போம். வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் மதுரைச் சாப்பாட்டைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசும்போது, இவர்கள் எந்தக் கடையில் போய்ச் சாப்பிட்டார்கள் என்று நினைப்பேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் ராத்திரி, ஒன்பதேகால் இருக்கும். அம்மா தூங்கிய பிறகு இறங்கி வந்து, தெருமுனையில் இருந்த ஓர் இட்லிக் கடையில் உட்கார்ந்து நாலு இட்லி கேட்டேன். சப்ளையருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இலையைப் போட்டவர் உடனே போகாமல் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, இப்ப இருக்கிறது ஆறிப்போச்சு. பத்து நிமிசம் இருங்க, அடுத்த ஈடு இறங்கப் போகுது."

எனக்குப் பசி. ஆனாலும் அவர் சொன்ன விதம் மறுக்க விடவில்லை. உட்கார்ந்திருந்தேன். உள்ளே பெரிய கொப்பரையின் மூடியைத் தூக்கியதும் ஆவி வாசல்வரை வந்தது. ஓர் அம்மா தட்டை எடுத்துக் கவிழ்த்து, துணியின் மேல் பச்சைத் தண்ணீரைத் தெளித்து, ஒரு முனையிலிருந்து மெல்ல உரித்தார். துணியின் நெசவுக் கோடுகள் இட்லியின் முதுகில் அப்படியே பதிந்திருந்தன. இலைக்கு வந்தபோது இட்லி தொட முடியாத சூட்டில் இருந்தது. விரலால் விண்டபோது உடையாமல், பஞ்சு பிரிவதுபோலப் பிரிந்தது. தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, மல்லிச் சட்னி, நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த பொடி. நாலு கேட்டவன் ஏழு சாப்பிட்டேன்.

மறுநாள் ராத்திரி ஏழரைக்கே அதே கடைக்குப் போனேன். அதே மாவு, அதே சட்னி. ஆனால் இட்லி சாதாரணமாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் கூட்டம் குறைவு, அதனால் ஒரு ஈடு தீர முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒன்பது மணிக்கு மேல் கடைத்தெருவில் கடை அடைத்தவர்களும் ஆட்டோக்காரர்களும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களும் வந்துவிடுவார்கள். அப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு ஈடு. கடை ஒன்றுதான், ஆனால் ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் அது வேறு கடை. இதை நான் நாற்பத்தாறு வயதில்தான் கண்டுகொண்டேன்.

அன்றிலிருந்து கடையில் உட்கார்ந்ததும் "என்ன இருக்கு?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். அப்படிக் கேட்டால் சப்ளையர் இருபது ஐட்டத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு நிற்பார். "இப்ப எது சூடா இறங்குது?" என்று கேட்கிறேன். இந்தக் கேள்விக்கு அவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்தப் பதில் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். ஒருமுறை ஒரு பையன், "அண்ணே, பொங்கல் காலையில போட்டது, ரவா தோசை சொல்லுங்க, இப்பத்தான் கல்லைத் தேச்சாங்க" என்றான். தோசைக்கல் எப்போது தேய்க்கப்பட்டது என்பதுவரை சொல்லும் ஆள் கிடைத்தால் அவர் சொல்வதைச் சாப்பிடுவதே நல்லது.

தூங்கா நகரம் என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். எந்நேரமும் சாப்பாடு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்நேரமும் எல்லாமும் நன்றாக இருக்காது. ஒவ்வொரு பண்டத்துக்கும் இந்த ஊரில் ஒரு நேரம் இருக்கிறது. விடியற்காலையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கு தட்டிப் போட்டுக் காய்ச்சுவது. நாலு மணிக்கு மார்க்கெட்டுக்கு வருபவர்களுக்கு அதுதான் முதல் ஆகாரம். பிறகு காலை டிபன். பன்னிரண்டரைக்கு மெஸ். நாலு மணிக்கு வடை, பஜ்ஜி, வெள்ளை அப்பம். கோபு ஐயங்கார் கடையின் வெள்ளை அப்பத்தை நான் சாயங்காலத்தில்தான் சாப்பிடுவேன், மிளகாய்ச் சட்னி தொட்டு. பொழுது சாய்ந்தால் பரோட்டா. ஒன்பதுக்கு மேல் மறுபடி இட்லி.

மெஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் ஏமாந்ததும் பிறகு அதிகம் ரசித்ததும் அங்கேதான். ஆட்டுக்கறி விடியற்காலையில் வெட்டி, காலையில் கடைக்கு வருகிறது. பதினோரு மணிக்குள் சுக்கா வேறு, குழம்பு வேறு, குடல் வேறு என்று அடுப்பில் ஏறிவிடும். பன்னிரண்டேகாலுக்குப் போய் உட்கார்ந்தால் நெஞ்செலும்பு, ஈரல், குடல், கோலா உருண்டை எல்லாம் தட்டில் வரிசையாகக் காட்டுவார்கள். இரண்டு மணிக்குப் போனால் பாதி தீர்ந்திருக்கும். மூன்று மணிக்குப் போனால் குழம்பும் முட்டையும்தான். அதே கறி ராத்திரி மறுபடி சூடாகி வரும்போது நார் நாராக, காரம் மட்டும் ஏறி இருக்கும். முன்பெல்லாம் நான் ராத்திரியில் மெஸ்ஸுக்குப் போய் மட்டன் கேட்டுவிட்டு, "பேர்தான் பெரிசு" என்று குறை சொன்னவன். குறை கடையில் இல்லை.

தட்டைக் காட்டும்போது கவனமாக இருக்க வேண்டும். தட்டில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சாப்பாட்டின் விலை போர்டில் இருக்கும், சைடிஷ் விலை பல இடங்களில் இருக்காது. அயிரை மீன் குழம்பு என்று ஆசையாகச் சொல்லிவிட்டு பில்லைப் பார்த்துத் திகைத்த வெளியூர்க்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். அயிரை விலை கூடுதலாக இருக்கக் காரணம் உண்டு. விரல் நீளம்கூட வராத மீன். உயிரோடு வாங்கி, மண்ணைக் கக்குவதற்காகப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு, பலமுறை அலசி, முழு மீனாகவே புளிக்குழம்பில் போடுவார்கள். சரியாகச் செய்திருந்தால் பல்லில் மண் கடிபடாது. அந்த வேலைக்குத்தான் காசு. "ஒரு கப் என்ன விலைண்ணே, எத்தனை பேர் சாப்பிடலாம்?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்டால் கடைக்காரர்கள் கோபப்படுவதும் இல்லை. இரண்டு பேர் போனால் ஒரு சாப்பாடு, ஒரு சைடிஷ் என்று தொடங்கி, போதாவிட்டால் அப்புறம் சொல்லலாம்.

பரோட்டாவுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு கடை. நாலு மணி சுமாருக்கு நான் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் மாஸ்டர் மாவோடு மல்லுக்கு நிற்பதைப் பார்ப்பேன். மைதா, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய். பிசைந்து, அடித்து, மறுபடி பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவிடுவார். ஐந்து மணிக்கு உருண்டை பிடித்து எண்ணெயில் ஊறவிடுவார். ஒருநாள் அவரிடம், "மாஸ்டர், அஞ்சரைக்குச் சாப்பிட வரலாமா?" என்று கேட்டேன். "ஏழு மணிக்கு வாங்க தம்பி. மாவு இன்னும் ஊறணும், கல்லும் சூடு நிக்கணும்" என்றார். ஏழு மணிக்குப் போனபோது அந்த உருண்டைகளில் ஒன்றைத் தட்டி, எண்ணெய் தடவிய பலகையில் வீசினார். மூன்று வீச்சில் கீழிருக்கும் பலகையின் ரேகை தெரியும் அளவுக்கு விரிந்தது, எங்கேயும் அறுபடவில்லை. அதை மடித்துச் சுருட்டி, மறுபடி வட்டமாக்கி ஓரமாக வைத்தார். கல்லில் ஆறு வெந்ததும் அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடித்தார். அந்த அடியில்தான் ஏடு ஏடாகப் பிரிகிறது. ஊறாத மாவில் இது நடக்காது. ஆறு மணிக்கே அவசரப்பட்டுச் சாப்பிட்டால் மென்று மென்று வாய் வலிக்கும் பரோட்டாதான் கிடைக்கும்.

சால்னாவையும் அங்கேயே கவனித்தேன். முதல் அண்டா கொதித்துக் கொதித்து எட்டு மணிக்கு நல்ல பதத்துக்கு வரும். பத்தரைக்கு மேல் அது தீர்ந்து, தண்ணீர் சேர்த்து நீட்டிய சால்னா வரும். அதனால் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் என்பது பரோட்டாவுக்கு என் கணக்கு. அதற்கு மேல் போனால் கொத்து பரோட்டா சொல்லிவிடுவேன். கொத்துக்கு முன்னமே போட்டு ஆறிய பரோட்டாதான் தோது. புதுசு என்றால் கொத்தும்போது குழைந்துபோகும்.

ஒரு சாயங்காலம் மைத்துனர் அம்மாவுக்குத் துணை இருந்தார். நான் ஏ.வி. பாலத்தின் மேலேயே நடந்து சிம்மக்கல் பக்கம் போனேன். 1889 முதல் வைகையின் இரண்டு கரையையும் சேர்த்து வைத்திருக்கும் பாலம். பள்ளி நாளில் சைக்கிளில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், சாப்பிடுவதற்கென்று நடந்து கடந்தது அன்றுதான். சிம்மக்கல் கோனார் கடை கறி தோசைக்குப் பேர் போனது. அடியில் ஊத்தப்பம் கனத்துக்கு ஒரு தோசை, அதன் மேல் முட்டை ஊற்றிப் பரப்பி, அது இறுகுமுன் பொடியாக நறுக்கிய கறியை வழித்துப் போட்டு, திருப்பி, கறிப் பக்கத்தைக் கல்லில் காட்டி எடுப்பார்கள். ஒன்று சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். மூன்று பேர் போனால் ஒன்றையோ இரண்டையோ பங்கு போட்டுக்கொள்வது உத்தமம். இல்லாவிட்டால் அதற்கப்புறம் ஜிகர்தண்டாவுக்கு இடம் இருக்காது.

ஜிகர்தண்டாவைப் பற்றி ஒன்றே ஒன்று. விளக்குத்தூண் பக்கம் முதல்முறை குடிப்பவர்கள் சின்ன டம்ளரே வாங்குங்கள். காய்ச்சிக் குறுக்கிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று இனிப்பு மேல் இனிப்பு. சாப்பாட்டுக்கு மேல் பெரிய டம்ளர் குடித்தால் பாதியிலேயே திகட்டிவிடும்.

நல்லதை மட்டும் சொன்னால் சரியாக இருக்காது. இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, சாயங்காலம் நாலரைக்கு, மகள் பசிக்கிறது என்றாள் என்று வழியில் ஒரு கடையில் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். பேர் வேண்டாம். மதியம் தம் உடைத்த அண்டா திறந்தபடி ஓரத்தில் இருந்தது. அடியிலிருந்து சுரண்டிப் போட்டார்கள். சோறு வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பை நான் பொருட்படுத்தவில்லை. நடு ராத்திரியில் ஆரம்பித்த வாந்தி மறுநாள் மதியம்வரை நிற்கவில்லை. பதினோரு வயதுக் குழந்தை, டிரிப்ஸ் ஏற்றித்தான் தெளிந்தாள். அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

டாக்டர் அன்றைக்கு விளக்கியதை நான் மறக்கவில்லை. வெந்த சோற்றிலும் அழியாமல் இருக்கும் ஒரு கிருமி வித்து உண்டு. சோறு கொதிக்கும் சூட்டில் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும், வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நாம் தெர்மாமீட்டர் கொண்டுபோக முடியாது. ஆனால் தட்டிலிருந்து ஆவி வருகிறதா என்று கண்ணால் பார்க்கலாம், அண்டாவுக்கு அடியில் நெருப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். வெதுவெதுப்பான சோறும் கறியும் எந்தப் பேர் பெற்ற கடையானாலும் என் பிள்ளைகளுக்கு இப்போது கிடையாது. வெதுவெதுப்பை விட, அப்போதே போட்ட ஆம்லெட்டும் இரண்டு தோசையும் எவ்வளவோ மேல்.

பார்சலிலும் இதே கதைதான். ஏழு மணிக்கு வாங்கிப் பதினொன்றுக்குச் சாப்பிடுவதற்குப் பார்சலே வேண்டாம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தாலும், கொதிக்கும் சால்னாவையும் சாம்பாரையும் மெல்லிய பையில் கட்டித் தருகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. நான் வண்டிப் பெட்டியில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்குவாளி வைத்திருக்கிறேன். அதை நீட்டினால் ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், பெரும்பாலும் ஒரு கரண்டி கூடவே விழுகிறது. வடை, பஜ்ஜியை அச்சடித்த பேப்பரில் மடித்துக் கொடுத்தால், இலையோ வெள்ளைத் தாளோ கேட்டு வாங்குகிறேன். மை எண்ணெயில் கரைந்து ஒட்டிக்கொள்ளும். மகனுக்கு ரோல், பர்கர் என்றால் உயிர். 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டபோது, ஏன் என்று அவனுக்கு உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். இப்போது அவனே மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லி வாங்குகிறான்.

பில் விஷயத்துக்கு வருவோம். சின்னக் கடைகளில் பெரிய தொந்தரவு இல்லை. தொந்தரவு வந்தது ஒரு நல்ல ஏசி ரெஸ்டாரண்டில்தான். தங்கை குடும்பத்தோடு போயிருந்தோம். சாப்பாடு 1,240 ரூபாய். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் என்று 124 ரூபாய். அந்த மொத்தத்துக்கும் சேர்த்து 5 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 68 ரூபாய் 20 காசு. ஆக 1,432 ரூபாய் 20 காசு. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 1,240க்கு வரி 62, மொத்தம் 1,302தான். 130 ரூபாய் வித்தியாசம், அதிலும் ஒரு பகுதி, வசூலிக்கவே கூடாத தொகைக்கு வரி.

சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி இல்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதைச் சரி என்று உறுதி செய்தது. கல்லாவில் இருந்த தம்பியிடம் சத்தம் போடாமல், "தம்பி, இதை எடுத்துட்டு பில் போடுங்க, டிப்ஸ் நான் கையில குடுத்துருவேன்" என்றேன். மேனேஜரைக் கூப்பிட்டார். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். மாற்றாமல் போயிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திருப்பேன். பில்லை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும். இதைப் பரிமாறுகிற பையனிடம் கத்திப் பேசக் கூடாது. பில்லைப் போட்டது அவன் இல்லை.

தண்ணீர் பாட்டிலில் நான் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன். எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று எல்லோரிடமும் வாதாடுவேன். உட்காரவைத்துப் பரிமாறுகிற ஹோட்டல்கள் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது. அதனால் இப்போது வாதாடுவதில்லை. "சாதாத் தண்ணி குடுங்க, சுடுதண்ணி இருந்தா நல்லது" என்று கேட்டுவிடுகிறேன்.

இன்னொன்று, சில சின்ன ஹோட்டல்கள் தொகுப்பு முறையில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்தே, வரியாகக் கட்டுகிறவை. அவர்கள் நம்மிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் ஏன் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

டிப்ஸை நான் சப்ளையர் கையிலேயே கொடுக்கிறேன். எல்லோரும் ஜிபேயில் கட்டுவதால் தட்டில் சில்லறை விழுவது நின்றுவிட்டது என்று அந்த இட்லிக் கடை சப்ளையர்தான் ஒருநாள் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை, பேச்சுவாக்கில் சொன்னார். அதிலிருந்து சட்டைப் பையில் எப்போதும் பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்கள் வைத்திருக்கிறேன். டேபிள் துடைக்கிற அக்காவையும் மறந்துவிடாதீர்கள்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இன்னொரு பாடம் தொடங்கியது. மூன்று மாதம் கழித்து வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் வெளியே கூட்டிப்போக ஆசைப்பட்டேன். அப்போதுதான் எத்தனை ஹோட்டல்களுக்கு வாசலில் மூன்று படி இருக்கிறது என்பது தெரிந்தது. ஏசி ஹால் மாடியில், கை கழுவும் இடம் பின்கட்டில், அங்கே தரை எப்போதும் ஈரம், கழிப்பறை இன்னும் உள்ளே ஒரு படி இறங்கி. அசையாத பெஞ்சில் உள்ளே நகர்ந்து உட்கார்வது இடுப்பு ஆபரேஷன் செய்தவருக்கு முடியாத காரியம். முதல் முயற்சியில் வாசல்வரை போய், படியைப் பார்த்து, திரும்பி வந்துவிட்டோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு நான் முன்னாடியே ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். தரைமட்டத்தில் உட்கார இடம் உண்டா, தனி நாற்காலி உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, வண்டியை வாசலிலேயே நிறுத்த விடுவார்களா. இதையெல்லாம் கல்லாவில் கேட்டால் ஆச்சரியப்படும் அளவுக்கு உதவுகிறார்கள். ஒரு கடையில், "அம்மாவைக் கூட்டிட்டு வாங்கண்ணே, முன்னாடி டேபிளை ஒதுக்கி வைக்கிறேன். கை கழுவ ஏனத்துல தண்ணி கொண்டாந்து தர்றோம்" என்றார்கள். சொன்னபடியே செய்தார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் கூட்டம் ஏறுவதற்கு முக்கால் மணி முன்னால் போவதே நல்லது. நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நின்றுகொண்டால் அவர்களால் நிதானமாகச் சாப்பிட முடியாது.

எந்த நாளில் போவது என்பதையும் இப்போது பார்க்கிறேன். முகூர்த்த நாட்களில் நல்ல மாஸ்டர்கள் பலர் கல்யாண வேலைக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு வழக்கமான கடையிலும் ருசி மாறியிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். புரட்டாசியிலும் அமாவாசையிலும் அசைவ ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் முதல் நாள் சரக்கு மிஞ்ச வாய்ப்பு உண்டு, அதனால் அப்போது சைவத்துக்குப் போய்விடுகிறேன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருவதால் கோயிலைச் சுற்றி மாசி வீதிகளில் சைவக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று நான் எங்கேயும் உட்கார்ந்து சாப்பிட முயல்வதில்லை. வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் புளியோதரையும் கொடுக்கிறார்கள். அன்றைக்கு அதுதான் சாப்பாடு.

போன வாரம் அம்மாவை அந்தக் கோரிப்பாளையம் இட்லிக் கடைக்கே கூட்டிப்போனேன். படி இல்லாத கடை அது. எட்டே முக்காலுக்கே போய் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்த சப்ளையர் என்னைப் பார்த்ததும், "அம்மா நடக்குறாங்களா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி நாட்களில் பேச்சோடு பேச்சாகச் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார். அம்மாவின் முன்னால் இலையைப் போட்டு, காரமில்லாத சட்னியை மட்டும் வைத்துவிட்டு, "அஞ்சு நிமிசம்மா, ஈடு இறங்கிரும்" என்று உள்ளே போனார்.

கடை இட்லியை வாழ்நாள் முழுக்கக் குறை சொன்னவர் என் அம்மா. முதல் இட்லியை விண்டு, சட்னி தொடாமல், வெறுமனே வாயில் போட்டு மென்றார். "உளுந்து நல்ல உளுந்துதான்," என்றார். "மாவுதான் லேசாப் புளிச்சிருக்கு. மழை நாள்ல சீக்கிரமே உள்ள எடுத்து வைக்கணும்னு சொல்லு."

அப்புறம் இன்னும் இரண்டு வைக்கச் சொன்னார்.